வீட்டை வாங்கினார்கள், படிப்பை மறுத்தார்கள்

(அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி நடந்த ஆய்வு மாணவர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இலண்டனில் படிக்கும் நண்பர் ஒருவர் போன மாதம் எனக்குச் சில படங்கள் அனுப்பினார். கிங் ஹென்றி சாலை, பத்தாம் எண் வீடு. 1921-22இல் அண்ணல் அம்பேத்கர் தங்கிப் படித்த வீடு. 2015இல் மகாராட்டிர அரசு அதை 30 லட்சம் பவுண்டுக்கும் மேல் கொடுத்து வாங்கியது. பிரதமரே போய்த் திறந்து வைத்தார். குடியிருப்புப் பகுதியில் அருங்காட்சியகம் கூடாது என்று அங்குள்ள உள்ளாட்சி மறுத்தபோது, மேல்முறையீடு செய்து 2020இல் அனுமதியும் வாங்கினார்கள்.

படங்களைப் பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பொருட்களைப் பாதுகாக்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நாகபுரி அருகே சிஞ்சோலியில் இருக்கும் அவருடைய கோட்டில் பூஞ்சை பிடித்தால் எனக்கும் மனம் பதறும்.

ஆனால் அந்த இலண்டன் வீட்டில் இருந்தது யார்? சட்ட அமைச்சர் அம்பேத்கர் அல்ல. உதவித்தொகை தீர்ந்துபோன ஒரு மாணவர். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் போனவர், பிறகு இலண்டனில் தொடங்கிய படிப்பை 1917இல் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. பம்பாய் சிடனாம் கல்லூரியில் வேலை பார்த்துச் சேமித்த பணம், கோலாப்பூர் சாகு மகாராசர் செய்த உதவி, பார்சி நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய கடன், இவற்றோடுதான் 1920இல் மறுபடி கப்பல் ஏறினார். அரை வயிற்றோடு நூலகத்தில் உட்கார்ந்து படித்தார். ரூபாயின் பிரச்சினை பற்றிய ஆய்வு அப்படித்தான் எழுதப்பட்டது.

இப்போது 2022க்கு வாருங்கள். பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க ஒன்றிய அரசு தரும் உதவித்தொகை ஒன்று உண்டு. நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 125 இடங்கள்தாம். அதன் விதிகளில் அந்த ஆண்டு ஒரு வரி சேர்ந்தது: இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வு ஆகியவற்றுக்கு இனி உதவித்தொகை கிடையாது. இந்தியாவைப் பற்றிப் படிக்க இந்தியாவிலேயே வசதி இருக்கிறதே என்பது அதிகாரிகள் சொன்ன காரணம்.

அண்ணல் 1915இல் கொலம்பியாவில் எம்.ஏ. பட்டத்துக்கு எழுதியது பண்டைய இந்திய வணிகம் பற்றி. 1916 மே மாதம் அங்கே ஒரு மானிடவியல் கருத்தரங்கில் வாசித்தது 'இந்தியாவில் சாதிகள்'. அன்று அவர் கையில் இந்த விண்ணப்பப் படிவம் இருந்திருந்தால் இரண்டுக்கும் இடமில்லை. சாதியின் தோற்றத்தை ஒரு மகார் மாணவர் விளக்கும் அந்தக் கட்டுரையை, 1916இல் எந்த இந்தியக் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்து கேட்டிருப்பார்கள்?

வீட்டுக்காக மேல்முறையீடு வரை போன நாட்டில், அந்த வீட்டில் இருந்தவர் படித்த படிப்புக்கு இடமில்லை.

என் கதை சின்னதுதான். ஆய்வு உதவித்தொகையின் முதல் தவணை எனக்குப் பதினோரு மாதம் கழித்து வந்தது. அதுவரை அம்மாவின் தோடு அடகுக் கடையில் இருந்தது. நிலுவையைக் கேட்கப் போன அலுவலகத்தில், எழுத்தரின் தலைக்கு மேல் அண்ணலின் படம். அன்றைக்குத்தான் மாலை போட்டிருந்தார்கள், சாமந்தி வாசனை அறை முழுக்க. "ஃபைல் மேல போயிருக்கும்மா, வரும்" என்றார் அவர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பாவம். நானும் அந்தப் படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

கும்பிட்டது தப்பா என்று இன்னமும் யோசிக்கிறேன். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்கே இட்டுச் செல்லும் என்று எச்சரித்தவர் அவர். நாமோ அவரையே சாமியாக்கி, சாமிக்குக் கேட்கும் காதைப் பறித்துவிட்டோம்.

அந்த விதியை நீக்கக் கோரும் மனு பின்வரிசை மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடும் தோழர்கள், உங்களுக்கு எத்தனை மாத உதவித்தொகை நிலுவை என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். எண்ணிக்கையைச் சேர்த்தே அனுப்பப் போகிறோம்.