இலவசப் படிப்பா? இராணுவ ஒப்பந்தமா?

(இளைஞர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...



சென்ற ரமளானில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் பேசினார். கீழக்கரைப் பக்கத்துக் குடும்பம். அத்தா அங்கே கடை வைத்திருக்கிறார். பிள்ளை அங்கேயே பிறந்து வளர்ந்த அந்நாட்டுக் குடிமகன். நர்சிங் பட்டம் பெற்று, தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். "ஹஜ்ரத்! அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ் படிப்பை இராணுவம் தன் செலவில் படிக்க வைக்கிறதாம். சேரலாமா?" என்று கேட்டார்.

பக்கத்தில் இருந்த ஒரு வியாபாரி பாய் இதைக் கேட்டுவிட்டு, "ஆம்பளப் புள்ள நர்சா?" என்று சிரித்தார். முதலில் அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

நம் நாட்டில் மயக்க மருந்து கொடுப்பது மருத்துவரின் வேலை. அமெரிக்காவிலோ நூறாண்டுகளுக்கும் மேலாக அதற்கெனத் தனிப் பயிற்சி பெற்ற நர்சுகளும் கொடுத்து வருகிறார்கள். மேயோ மருத்துவமனையில் ஆலிஸ் மகாவ் என்ற பெண்மணி 14,000க்கும் அதிகமானவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்தும், அதனால் ஓர் உயிர் கூடப் போகவில்லை என்று 1906இல் எழுதி வைத்தார். அந்நாட்டு இராணுவ நர்சுப் படையில் 1955 வரை ஆண்களுக்கு இடமே கிடையாது. சட்டம் மாறி, அந்த ஆண்டு முதன்முதலாக அதிகாரியாகச் சேர்ந்த ஆண், எட்வர்ட் லயன். அவர் மயக்க மருந்து நர்ஸ்தான்! இன்று இந்த வேலைக்கு அங்கே சராசரி ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலருக்கு மேல். பாய் அதன் பிறகு சிரிக்கவில்லை.

வருமானத்தை விடுங்கள். அறுத்துத் தைப்பவர் வயிற்றைப் பார்ப்பார், காலைப் பார்ப்பார். தலைமாட்டில் இருப்பவர்தான் நோயாளியின் மூச்சையும் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் நொடிக்கு நொடி பார்க்கிறார். தானாக மூச்சுவிட முடியாமல் கிடக்கும் ஒரு மனிதனின் உயிர் அவர் கையில் அமானிதம். போர்க்களத்தில் காயம்பட்டோருக்கு நீர் புகட்டி, மருந்திட்ட ருஃபைதா (ரலி), ருபய்யிஃ (ரலி) போன்ற ஸஹாபிப் பெண்களின் வரலாற்றை மதரஸாவில் ஓதிய நான், இந்தத் தொழிலை இழிவு என்று எந்த வாயால் சொல்வேன்? ஊரில் முஸ்லிம் வைத்தியர் இல்லை, எல்லோரும் ஃபிக்ஹ் படிக்கவே ஓடுகிறார்கள் என்று இமாம் கஸ்ஸாலி தம் 'இஹ்யா'வில் வருந்தினார். மருத்துவம் ஃபர்ளு கிஃபாயா என்றார்.

எனவே படிப்பில் தடையில்லை. கேள்வி, படிக்க வைப்பவர் யார், பதிலுக்கு எதைக் கேட்கிறார் என்பதுதான்.

விசாரித்தேன். டெக்ஸாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில், ஃபோர்ட் சாம் ஹூஸ்டன் இராணுவத் தளத்தில் இந்தப் படிப்பு நடக்கிறது. 36 மாதங்கள். முதலில் வகுப்பு; பிறகு இராணுவ மருத்துவமனைகளில் செயல்முறைப் பயிற்சி. முனைவர் நிலைப் பட்டம் தருவது பெய்லர் பல்கலைக்கழகம். (அது பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்கள் 1845இல் நிறுவியது. நாம் எத்தனை நிறுவினோம் என்று யோசித்துக் கொள்ளுங்கள்.) நர்ஸ் உரிமமும் தீவிர சிகிச்சைப் பிரிவு அனுபவமும் வேண்டும். கட்டணம் இல்லை. அது மட்டுமல்ல, படிக்கும் காலத்திலேயே அதிகாரிக்குரிய முழுச் சம்பளம்! வெளியே படித்தால் தலைமேல் வட்டிக் கடன். ஹராமான வட்டியிலிருந்து தப்பிக்கலாமே என்பதும் அந்தத் தம்பியின் வாதம். நியாயமான வாதம்தான்.

ஆனால் சகோதரர்களே, வியாபாரிகளாகிய உங்களுக்குத் தெரியாததா? சரக்கை இனாமாகக் கொடுப்பவன் கணக்கை வேறெங்கோ எழுதுகிறான். படிப்பு முடிந்ததும் பல ஆண்டுகள் கட்டாயப் பணி. அது முடிந்தாலும், சேர்ந்த நாளிலிருந்து 8 ஆண்டு நிறையும் வரை பெயர் இருப்புப் பட்டியலில் இருக்கும். அதுவரை எங்கே அனுப்பினாலும் போக வேண்டும். முன்னணியில் இயங்கும் சிறு அறுவை சிகிச்சைக் குழுக்களில் மயக்க மருந்து கொடுக்க இந்த நர்சுகளைத்தான் அனுப்புகிறார்கள். ஆப்கானிலும், 2003இல் படையெடுத்த இராக்கிலும் அப்படித்தான் நடந்தது.

"நான் துப்பாக்கி தூக்கவில்லையே, காயம்பட்டவனுக்குத்தானே மருந்து கொடுக்கிறேன்?" என்றார் தம்பி. உண்மை. 1949ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தப்படி எதிரியின் காயத்துக்கும் அவர் கட்டுப்போட வேண்டும். 2001இல் அமெரிக்க இராணுவத்து முஸ்லிம் போதகர் ஒருவரின் கேள்விக்கு அரபுலக அறிஞர்கள் சிலர் பதிலளித்தபோது, முடிந்தால் போர்முனைக்குப் பின்னால் உள்ள பணிகளைக் கேட்டுப் பெறலாம் என்றார்கள். அதை ஏற்காத அறிஞர்களும் உண்டு. ஃபத்வா கொடுக்கும் தகுதி எனக்கில்லை. அங்குள்ள உலமாக்களிடம் கேட்கச் சொன்னேன்.

ஆனால் ஒன்றைச் சொன்னேன். "தம்பி! இந்தப் போர் அநியாயம், இதற்கு மட்டும் வரமாட்டேன் என்று அங்கே சொல்ல முடியாது. எல்லாப் போரையும் மறுப்பவருக்கே மனசாட்சி விலக்கு. 1971இல் அந்நாட்டு உச்சநீதிமன்றமே அப்படித் தீர்ப்பளித்தது. குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலி வியட்நாம் போருக்கு மறுத்தது 1967இல், உன் ஹூஸ்டன் நகரில்தான். பட்டம் பறிபோனது, சிறைத் தண்டனை விதித்தார்கள், 1971இல் வழக்கில் வென்றார். ஆனால் அவர் படையில் சேரும் முன்பே மறுத்தவர். நீயோ உன் கையால் கையெழுத்துப் போட்டுச் சேர்கிறாய். உடன்படிக்கையை நிறைவேற்றுவதும் மார்க்கம்தான். பிறகு முறிக்க நினைத்தால் மார்க்கத்தையும் சட்டத்தையும் ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டி வரும்."

இங்கிருப்பவர்கள் இது அமெரிக்கக் கதை என்று எழுந்து போக வேண்டாம். நம் நாட்டு இராணுவ நர்சிங் சேவையும் புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் பெண் பிள்ளைகளைச் செலவின்றிப் படிக்க வைத்து, பணிப்பத்திரம் எழுதி வாங்குகிறது. விண்ணப்பிக்கும் முன் பத்திரத்தைப் படியுங்கள். பெற்றோரும் உடன் அமர்ந்து படியுங்கள்.

அந்தத் தம்பி ஒப்பந்தப் படிவத்தை வாங்கி வரி வரியாகப் படித்துக் கொண்டிருக்கிறார். இராணுவம் சாராத இரண்டு கல்லூரிகளுக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறார். போன வாரம் அவருடைய அத்தா என்னிடம் பேசினார். "ஹஜ்ரத், வட்டியில்லாமல் ஒரு பாதிச் செலவுக்கு என்னால் ஏற்பாடு செய்ய முடியும். மீதிப் பாதிக்கு ஜமாஅத்தில் யாரிடம் கேட்பது?" என்றார். அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் கொண்டு வந்திருக்கிறேன்.