கூரை பறக்கும் முன்னே கட்டுவோம்!

(டெல்டா பகுதி தகவல் தொழில்நுட்ப அணி பயிற்சிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். கடலோர ஒன்றியத் தோழர்கள் முழுசா படிச்சிட்டுப் பகிருங்கள்.)



எனக்கு முன்னாடி பேசின அண்ணன்கள் பூத் கமிட்டி, வாக்காளர் பட்டியல் எல்லாத்தையும் விரிவா சொல்லிட்டாங்க. நான் ஐ.டி. விங்கில் இருக்கும் பொடியன், படித்தது சிவில் இன்ஜினியரிங். எனக்குக் கொடுத்த பத்து நிமிஷத்தில் கூரையைப் பற்றி மட்டும் பேசப் போறேன். ஐப்பசி பிறக்கப் போகுது, அதனால்தான்.

2018 நவம்பர் 16. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கஜா கரையைக் கடந்த விடியற்காலை இந்த அறையில் இருக்கும் யாருக்கும் மறக்காது. தென்னை விழுந்ததைப் பற்றி நாடே பேசியது. அதே ராத்திரியில் கூரையை இழந்த குடும்பங்கள் தார்ப்பாயைக் கட்டிக்கிட்டு எத்தனை மாசம் இருந்தாங்கன்னு உங்க தெருவிலேயே கேளுங்கள். அதற்கு ஏழு வருஷம் முன்னாடி, 2011 டிசம்பர் 30-இல் கடலூருக்கு தானே. 2016 டிசம்பர் 12-இல் சென்னைக்கு வர்தா. பேர்தான் மாறுது, முதல்ல போறது கூரைதான்.

காற்று கூரையை எப்படித் தூக்குது? பலரும் நினைப்பது, காற்று வந்து மோதித் தள்ளுது என்று. மோதுவது சுவரில். கூரைக்கு மேல் காற்று வேகமாக வழுக்கிப் போகும்போது அங்கே அழுத்தம் குறையும், கூரையை மேல்நோக்கி உறிஞ்சும். அந்த நேரம் காற்றடிக்கிற பக்கத்துக் கதவோ ஜன்னலோ பிய்ந்துவிட்டால், உள்ளே புகுந்த காற்று கீழேயிருந்தும் தள்ளும். மேலே இழுப்பு, கீழே தள்ளு. இரண்டும் சேர்ந்தால்தான் ஷீட் பட்டம் மாதிரி போகுது. அதனால் கூரையைக் காப்பாற்றும் முதல் வேலை கதவுத் தாழ்ப்பாளில் ஆரம்பிக்குது. தாழ்ப்பாள் ஆடினால் இன்னிக்கே மாற்றுங்கள். ஜன்னல் கதவு இல்லாத வீடுன்னா பலகை வெட்டித் தயாரா வெச்சிருங்கள்.

ஒரு சின்னக் கணக்கு சொல்றேன், பயப்படாதீங்க. மணிக்கு 108 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டர் மேல் ஏறக்குறைய 55 கிலோ அளவுக்கு விசை கொடுக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குக் கணக்குப் போட்டால் 600 கிலோ. மேலே கிடக்கிற தகர ஷீட்டின் மொத்த எடை 60 கிலோ கூட வராது. நம்ம ஊரில் என்ன பண்றோம்? நாலு கல்லு, ரெண்டு பழைய டயர் தூக்கி வைக்கிறோம். பத்துக் கல் வைத்தாலும் 100 கிலோ. மீதியை யார் பிடிக்கிறது? அந்தக் கல்லே காற்றில் உருண்டு பக்கத்து வீட்டுக் குழந்தை மேல் விழும். தயவுசெய்து இறக்குங்கள். இன்னொன்று: காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்காகும். "போன புயலுக்கே ஒண்ணும் ஆகலையே" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

அந்த 600 கிலோவும் சராசரிதான். கூரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இழுபடாது. ஓரம், மூலை, முகடு, இந்த மூன்று இடத்தில்தான் இழுப்பு மிக அதிகம். ஷீட் பிய்வது பெரும்பாலும் ஏதாவது ஒரு மூலையில் ஆரம்பிக்கும், அப்புறம் வரிசையா உரியும். ஆகவே முழுக் கூரையையும் மாற்றக் காசில்லை என்றாலும் இந்த மூன்று இடத்தில் மட்டும் ஸ்க்ரூ எண்ணிக்கையை இரட்டிப்பாக்கலாம். ஆணி வேண்டாம், ஆணி நேரா உருவிக்கிட்டு வரும். ரப்பர் வாஷர் போட்ட ஸ்க்ரூ பிடித்து நிற்கும். பழைய ஷீட்டில் ஜே போல்ட் இருந்தால் ஒவ்வொன்றாக ஆட்டிப் பாருங்கள். துரு ஏறியதை மாற்றுங்கள். மாற்றும்போது யூ போல்ட் போடச் சொல்லுங்கள். ஜே கொக்கி இழுவையில் நிமிர்ந்துவிடும், யூ போல்ட் ரெண்டு பக்கமும் பிடித்திருக்கும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீடுகளில் ரொம்பக் கவனம். மேலே ஏறி மிதித்தால் உடையும், ஆளும் கீழே வருவார். பலகை குறுக்கே போட்டுத்தான் ஏறணும். கிரைண்டர் வைத்து வெட்டவே கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம்.

இப்போ முக்கியமான விஷயம். ஷீட்டை ரீப்பரில் நல்லா முடுக்கிட்டோம். ரீப்பரை எது பிடிச்சிருக்கு? கைமரம். கைமரத்தை? சும்மா சுவர் மேல உட்கார்ந்திருக்கு! எத்தனையோ வீட்டில் இதுதான் நிலைமை. அப்படி இருந்தால் ஷீட் தனியாகப் பறக்காமல் கூரை மொத்தமாகப் பறக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒவ்வொரு கைமரத்தையும் இரும்புப் பட்டையால் சுவருடன் பிணைக்கணும். அந்தப் பட்டை மேல் வரிசைச் செங்கலோடு நிற்கக் கூடாது, லிண்டல் வரைக்கும் இறங்கணும். காரணம் எளிது. 9 அங்குலச் சுவர் ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் உயரத்துக்கு 400 கிலோவுக்கு மேல் எடை. கூரையைப் பிடிக்க வேண்டிய எடை உங்கள் சுவரிலேயே இருக்கு, அதோடு கட்டாமல் விட்டு வெச்சிருக்கோம்.

ஓட்டு வீட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் நிம்மதி. மங்களூர் ஓடு சட்டத்தோடு சேர்த்துச் சதுர மீட்டருக்கு 65 கிலோ அளவு வரும். ஆனால் ஓர ஓடும் முகட்டு ஓடும் பெயர்ந்தால் வழி திறந்துவிடும். அந்த ரெண்டு வரிசையையாவது சிமெண்ட் கலவையில் பதித்துவிடுங்கள்.

கீற்றுக் கூரைக்கு வருவோம். மண் சுவரில் பட்டை அடித்தால் நிற்காது, கூரையைத் தரையோடுதான் கட்டணும். கடலோரத்தில் பழைய மீன் வலைக்குப் பஞ்சமா? கூரை முழுக்க வலையைப் போர்த்தி, மேலே நைலான் கயிறு குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, கால்களின் அடியிலும் ஆழமா அடித்த முளைகளிலும் இழுத்துக் கட்டுங்கள். மூங்கில் கால்களுக்கு இடையில் மூலைவிட்டமா ஒரு குறுக்குக் கழி கட்டினால் குடிசை சாயாது. அப்புறம் நம்ம ஃப்ளெக்ஸ் பேனர்! கூட்டம் முடிஞ்சதும் அது எங்கே போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும். மழைக்கு நல்லது, மறுக்கலை. ஆனா காற்றுக்கு அது பாய்மரம். போடுவதானால் வலைக்குக் கீழே போடுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள், அடியில் கீற்று மக்கியிருக்கும்.

புதுசா வீடு கட்டப் போகிறவர்கள் நாலு பக்கமும் சரியும் கூரையாகக் கேளுங்கள். இரண்டு பக்கச் சரிவை விடக் காற்றை அது நல்லாத் தாங்கும். சரிவு 22 முதல் 30 டிகிரி. இறவாணம் ஒன்றரை அடிக்கு மேல் நீட்ட வேண்டாம். வராந்தா கூரையை வீட்டுக் கூரையோடு சேர்க்காமல் தனியாகப் போட்டால், அது போனாலும் வீடு நிற்கும். தாழ்ந்த வீடுகளைப் புயலுக்கு எப்படிப் பலப்படுத்துவது என்று ஐ.எஸ். 15498 என்ற இந்தியத் தர விதி 2004-லேயே வந்துவிட்டது. ஊராட்சி அலுவலகத்தில் தொகுப்பு வீட்டு எஸ்டிமேட் பார்க்கும்போது கைமரப் பட்டையும் யூ போல்ட்டும் அதில் இருக்கான்னு கேளுங்கள். கேட்கிறது நம்ம உரிமை. நிவாரணம் வாங்கித் தர ஓடுகிற ஓட்டத்தில் பாதியை இதற்கு ஓடலாம்.

ஒரு எச்சரிக்கை. எவ்வளவு கட்டினாலும் புயல் ராத்திரியில் குடிசையிலும் ஷீட் வீட்டிலும் யாரும் தங்கக் கூடாது. முகாமுக்குப் போயே ஆகணும். நடுவில் காற்று சட்டென்று அடங்கினால் அது புயலின் கண். வெளியே வந்து கூரையைப் பார்க்காதீங்க, கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையில் இருந்து அடிக்கும். எச்சரிக்கை வந்த பிறகு கூரை மேல் ஏறுவதும் வேண்டாம். வேலை எல்லாம் இப்போ, வெயில் இருக்கும்போதே.

அடுத்த ரெண்டு ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு பூத்திலும் பத்து வீடு பார்ப்போம். தனியா இருக்கும் பாட்டி, தாத்தா வீடுகள் முதலில். ஊரில் இருக்கும் வெல்டர் அண்ணனையும் கீற்று வேய்கிறவரையும் கூடக் கூட்டிட்டுப் போங்கள், என்னை மாதிரி ஆளை விட அவங்களுக்குக் கூரை தெரியும். எந்த வீட்டுக்கு எத்தனை ஸ்க்ரூ, எத்தனை பட்டை, எத்தனை மீட்டர் கயிறு என்று எழுதி ஒன்றியக் குழுவில் போடுங்கள், மொத்தமா வாங்கினா விலை குறையும். வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் போட்டோ எடுத்துப் போடாதீங்க.