பிழையின் மொழிபெயர்ப்பு



கணிப்பொறி பயிலும் நம் பிள்ளைகள் சிலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, 'ரஸ்ட்' என்னும் நிரல்மொழியில் பிழைகளைக் கையாளும் முறையைப் பற்றிச் சில சொல்ல வந்துள்ளேன். பி.ஏ., பி.எட். படித்த தலைமையாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஆண்டுதோறும் தேர்வு முடிவுகளோடு வாழ்பவனுக்கு இதில் வேலை உண்டு. ஏனெனில் இங்கும் பேச்சு 'ரிசல்ட்' பற்றியதே.

பழைய சி மொழியில் ஒரு செயல் தோல்வியுற்றால் பெரும்பாலும் ஓர் எண் திரும்பி வரும். லினக்ஸின் கருவில் −2 என்றால் கோப்பு இல்லை. −12 என்றால் நினைவகம் போதவில்லை. −13 என்றால் அனுமதி இல்லை. அவ்வெண்ணைப் பாராமலே அடுத்த வரிக்குப் போய்விட முடியும் என்பதே தொல்லை. நம் அனகாபுத்தூர்த் தறிகளை அறிந்தோர்க்கு இது விளங்கும்: பாவில் ஓரிழை அறுந்ததைக் கவனியாமல் நெய்தால், அக்குறை துணியின் நீளம் முழுதும் கோடாய் ஓடும்.

கிரேடன் ஹோர் என்பவர் 2006-இல் தொடங்கி, பின்னர் மொசில்லா நிறுவனம் ஆதரித்து, 2015 மே மாதம் முதல் நிலையான பதிப்பு கண்ட ரஸ்ட் மொழி இதற்கு வேறு வழி கண்டது. அதன் 'ரிசல்ட்' ஒரு மூடிய உறை. உள்ளே 'ஓகே' என்ற விடை இருக்கும், அல்லது 'எர்' என்ற பிழை இருக்கும், இரண்டும் சேர்ந்திரா. விடை வேண்டுமானால் உறையைப் பிரித்தே ஆகவேண்டும். பிரிக்காமல் எறிந்தால் தொகுப்பி எச்சரிக்கும்.

ஒரு கோப்பைப் படித்து, அதிலுள்ள தொகையை எண்ணாக மாற்றும் செயற்கூறு ஒன்றை எண்ணிப் பாருங்கள். கோப்பைப் படிக்கையில் நேரும் பிழை ஒரு வகை. எண்ணாக்குகையில் நேர்வது மற்றொரு வகை. செயற்கூறோ ஒரே வகைப் பிழையைத்தான் தன்னை அழைத்தவரிடம் தர இயலும். இங்கேதான் 'மேப் எர்' உதவுகிறது. விடை இருந்தால் அதைத் தீண்டாது. பிழையை மட்டும் நாம் சொன்னவாறு வேறு வகையாக மாற்றும். 2016 நவம்பரில் சேர்ந்த ? குறியோ, பிழை கண்டவுடன் செயற்கூற்றை அங்கேயே முடித்து, 'ஃப்ரம்' என்ற விதி எழுதப்பட்டிருந்தால் அதன்படி தானே மாற்றி மேலே அனுப்பும்.

மாற்றுவதில் ஓர் ஆபத்து உண்டு. 2020 டிசம்பரில் நடுவண் அமைச்சரவை எடுத்த முடிவின்படி, பட்டியலினத்தார்க்கான மேற்படிப்பு உதவித்தொகையில் மைய அரசின் பங்கு 2021-22 முதல் மாணவரின் வங்கிக் கணக்கிற்கே நேராகச் செல்கிறது. கணக்கோடு ஆதார் இணைக்கப்படவில்லை என்று ஒரு மாணவிக்குப் பணம் நின்றுவிட்டதாகக் கொள்வோம். அலுவலகத்தில் அது 'நிராகரிக்கப்பட்டது' என்றாகிறது. வீட்டிற்கு வரும்போது 'நமக்குக் கிடைக்காதாம்' என்றாகிறது. வங்கிக்கு ஒருமுறை சென்றால் தீரக்கூடியது, இரண்டு மொழிபெயர்ப்பில் படிப்பையே நிறுத்தும் காரணமாகிவிடக்கூடும். முதற்காரணம் வழியிலேயே தொலைந்ததுதான் கேடு.

'மேப் எர்' எழுதுகையில், வந்த பிழைக்குப் பெயரிடாமல் வெறும் அடிக்கோடு இட்டு, புதிய பிழையை மட்டும் அனுப்புவோர் செய்வதும் இதுவே. மாறாக, பழைய பிழையைப் புதியதன் உள்ளே வைத்துக் கட்டலாம். 'சோர்ஸ்' என்னும் வழியால் பின்னர் அதைக் கேட்டறியலாம். 2022 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 6.1-இல் ரஸ்ட் இடம்பெற்றது. அங்கும் சி மொழியிலிருந்து வரும் குறை எண்கள் 'ரிசல்ட்' ஆக மாற்றப்படும்போது, அவ்வெண் பிழைக்குள்ளேயே காக்கப்படுகிறது.

தொகுப்பியும் பாடநூலும் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. நான் சொன்ன அந்தச் சிறு செயற்கூற்றை எழுதுங்கள். முதலில் கோப்பை நீக்கிவிட்டு இயக்குங்கள். பிறகு கோப்பில் 600 என்பதற்குப் பதில் 'அறுநூறு' என்று எழுத்தால் எழுதி இயக்குங்கள். இரண்டு முறையும் ஒரே செய்தி வந்தால், 'மேப் எர்' எழுதிய வரிக்குத் திரும்பிச் சென்று திருத்துங்கள்.