மலைக் கிராமங்களில் பரங்கிச் சாகுபடி

(கொடைக்கானல் வட்டார ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சாதாரணமானது. பரங்கிக்காய் என்றும், மஞ்சள் பூசணி என்றும், சர்க்கரைப் பூசணி என்றும், பழனி, ஒட்டன்சத்திரம் பக்கங்களில் அரசாணிக்காய் என்றும் வழங்கும் காயைப் பற்றியே பேசப்போகிறேன். சாம்பல் பூத்த கல்யாணப் பூசணி வேறு இனம். அதை இங்கே நான் குறிக்கவில்லை.

காத்திருக்கும் உரிமை

நம் மலையில் விளையும் பொருள்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், சௌசௌ ஆகியவை பறித்தவுடன் லாரி ஏற வேண்டியவை. ஒட்டன்சத்திரம் சந்தையில் அன்று என்ன விலையோ, அதுவே விலை. "இன்று விலை சரியில்லை, அடுத்த மாதம் விற்றுக்கொள்கிறேன்" என்று சொல்லும் உரிமை அந்தக் காய்களைப் பயிரிட்டவருக்கு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைச்சாலையில் மண் சரிந்தாலோ, மரம் விழுந்தாலோ, ஒரு பருவத்து உழைப்பு தோட்டத்திலேயே அழுகிப்போகிறது. நெடுங்காலம் மோட்டார் சாலையே இல்லாதிருந்த வெள்ளகவி போன்ற ஊர்களின் நிலையை நான் விளக்கத் தேவையில்லை.

இதற்கு விலக்காக மேல்மலையில் ஒரு பயிர் உண்டு. அதுதான் பூண்டு. அடுப்புப் புகை படும் இடத்தில் கட்டித் தொங்கவிட்டு, விதைக்கும் விற்பனைக்கும் காத்து வைக்கிறீர்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டின் பெருமைக்கு அதன் காரம் ஒரு காரணம். நெடுநாள் கெடாமல் இருக்கும் இயல்பு மற்றொரு காரணம். காய்கறிகளுள் அத்தகைய இயல்பு உடையது முற்றிய பரங்கி. குளிர்பதன அறையும் மின்சாரமும் இன்றி மாதக்கணக்கில் வீட்டில் இருக்கும்.

ஒரே பயிரை நம்பியிருப்பதன் அபாயத்தையும் கீழ்மலை அறியும். 1970-களில் முடிக்கொத்து நோய் பரவி, விருப்பாட்சி, சிறுமலை மலைவாழைத் தோட்டங்களை எப்படி அழித்தது என்பதை முதியோர்கள் இன்றும் சொல்வார்கள். ஆகவே கேரட்டையும் பூண்டையும் காப்பியையும் விட்டுவிட்டுப் பரங்கி போடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டோரத்திலும் வேலியோரத்திலும் ஒவ்வொரு குடும்பமும் பத்துக் குழி போட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

மூன்று இனங்கள்

பரங்கி அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தது. மெக்சிகோ நாட்டில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் குடும்பத்துப் பயிரை மக்கள் வளர்த்திருக்கின்றனர். பரங்கியர் வழியாக வந்தமையால் பரங்கிக்காய் எனப் பெயர் பெற்றது என்பர். உருளைக்கிழங்கும் பீன்ஸும் அக்கண்டத்திலிருந்து வந்து நம் மலைக்கு உரியனவாகிவிட்டன அல்லவா? பரங்கியும் அப்படியே.

இதில் மூன்று இனங்கள் முக்கியமானவை. காம்பைக் கொண்டு அவற்றை அடையாளம் காணலாம். காம்பு கடினமாய், ஐந்து வரிப்புடன், காயைத் தொடும் இடத்தில் பாதம்போல் விரிந்திருந்தால் அது மாஸ்கேட்டா இனம். நம் நாட்டுப் பரங்கியுள் பெரும்பகுதி இதுவே. மணிபோன்ற உருவமுள்ள பட்டர்நட் என்பதும் இதுவே. வெப்பம் விரும்பும் இனமாதலால் பண்ணைக்காடு, தாண்டிக்குடி போன்ற கீழ்மலைக்கு ஏற்றது. காம்பு உருண்டையாய், தக்கைபோல் மிருதுவாய் இருந்தால் மாக்சிமா. ஹப்பர்டு, கபோச்சா முதலியன இவ்வினத்தவை. ஓரளவு குளிர் தாங்குமாதலால் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கத்தில் முதலில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். காம்பு கோணங்களுடன் கடினமாய், ஆனால் அடியில் விரியாமல் இருந்தால் பெப்போ. ஏகார்ன் என்ற சிறுகாய் இதில் அடங்கும்.

நம் நாட்டில் வெளியிடப்பட்ட இரகங்களும் உண்டு. கோயம்புத்தூர் கோ 1 இரகத்தின் காய் 7 முதல் 8 கிலோ வரை எடையுள்ளது. கோ 2 ஒன்றரை முதல் 2 கிலோ. பெங்களூர் ஆராய்ச்சி நிலையத்தின் அர்க்கா சந்தன் 2 முதல் 3 கிலோ. அர்க்கா சூர்யமுகி சுமார் ஒரு கிலோ. இன்று சிறு குடும்பங்கள் பெருகிவிட்டன. பெரிய காயை வெட்டிவிட்டால் மீதியைக் காப்பது கடினம். ஆகவே ஒன்று முதல் மூன்று கிலோ வரையுள்ள காயே வீட்டுக்கும் விற்பனைக்கும் உகந்தது.

பயிரிடும் முறை

உறைபனி பரங்கிக்கு எமன். ஆதலால் மேல்மலையில் மார்கழி, தைப் பனி நீங்கிய பின், மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ விதைக்க வேண்டும். கீழ்மலையிலும் தண்ணீர் வசதியுள்ளோர் அதே பருவத்தில் விதைப்பது நலம். ஆடி, ஆவணி, மிஞ்சினால் புரட்டாசிக்குள் காய் முற்றி வீட்டுக்கு வந்துவிட்டால், சாலை அடைபடும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கையிருப்பாக நிற்கும்.

இரண்டு மீட்டர் இடைவெளியில், நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டர் உள்ள குழிகள் எடுங்கள். குழிக்கு 10 கிலோ மக்கிய தொழு உரம் இட்டு மேல்மண்ணுடன் கலக்கவும். குழிக்கு ஐந்து விதை ஊன்றி, பதினைந்து நாள் கழித்து நல்ல நாற்று இரண்டை மட்டும் விட்டு மற்றவற்றைக் களைந்துவிடவும்.

சரிவு நிலத்தில் ஒரு பழைய முறையைச் சோதித்துப் பார்க்கலாம். அமெரிக்கப் பழங்குடி மக்கள் மக்காச்சோளம், பீன்ஸ், பரங்கி மூன்றையும் ஒன்றாக விதைப்பார்கள். சோளத்தட்டு பீன்ஸுக்குக் கொம்பாகிறது. பீன்ஸ் மண்ணுக்குத் தழைச்சத்தைச் சேர்க்கிறது. பரங்கி இலை நிலத்தை மூடி, களையையும் மண் அரிப்பையும் குறைக்கிறது. மழை நீர் மேல்மண்ணை அரித்துச் செல்லும் நம் மலைக்கு இந்த மூன்றாவது பயன் மிகவும் தேவை.

பழ ஈ குத்திய பிஞ்சுகளை அப்படியே கிடக்கவிடாமல் பொறுக்கி ஆழக் குழியில் புதையுங்கள். கந்தகத் தூளும் தாமிர மருந்தும் இக்குடும்பத்துக் கொடிகளைக் கருக்கக்கூடியவை. அவற்றைத் தூவ வேண்டாம்.

பூவும் தேனீயும் விதையும்

மார்கழிக் கோலத்தில் சாணப் பிள்ளையாரின் மேல் பரங்கிப் பூ வைக்கும் வழக்கம் நமக்கு உண்டு. அந்தப் பூவைப் பறிக்கும்போது அடியைப் பாருங்கள். மெல்லிய நீண்ட காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ; சிறு பிஞ்சு ஒட்டியிருந்தால் பெண் பூ. கொடியில் முதலில் வருவன ஆண் பூக்களே. "பூ எல்லாம் உதிர்கிறது, கொடி மலடு" என்று அவசரப்பட்டுப் பிடுங்கிவிடாதீர்கள்.

விடியலில் மலரும் பூ முற்பகலிலேயே மூடிவிடும். அந்தச் சில மணி நேரத்தில் தேனீ வந்தால்தான் காய் பிடிக்கும். எனவே காலை வேளையில் பூச்சிமருந்து தெளிக்கலாகாது. மழையினாலும் மூடுபனியினாலும் தேனீ வராத நாளில், ஆண் பூவைப் பறித்து இதழ் நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவிவிடலாம்.

விதை வைக்கும் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஒரே இனத்து இரகங்களைத் தேனீ கலந்துவிடும். கலந்த விதை தாய்க்காயைப்போல் இராது. தூய விதைக்கு இரகத்துக்கு இரகம் ஒரு கிலோமீட்டர் இடைவெளி வேண்டும். தேனீக்கு வேலியும் பட்டாவும் தெரியாது. ஆகவே இது தனி விவசாயியின் காரியமாக இல்லாமல் ஊரின் காரியமாகிறது. ஒரு குக்கிராமத்தில் ஓர் இனத்தில் ஒரே இரகம் என்று எல்லோரும் ஒப்பினால், ஆண்டுதோறும் விதைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். வீரிய ஒட்டு விதைக்கு இது பொருந்தாது. எந்தக் காயாவது கசந்தால் அதை உண்ணவும் வேண்டாம், விதைக்கு வைக்கவும் வேண்டாம். கசப்பு நச்சின் அடையாளம்.

சேமிக்கும் முறை

பிஞ்சிலே பறித்த பரங்கி தங்காது. நகம் இறங்காதபடி தோல் கடினப்பட்டு, காம்பு உலர்ந்த பின்பே அறுக்க வேண்டும். மூன்று, நான்கு சென்டிமீட்டர் காம்பு காயோடு இருக்கட்டும். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். அது ஒடிந்தால் அவ்வழியே அழுகல் புகும். பத்து முதல் பதினான்கு நாள் காற்றோட்டமான வெதுவெதுப்பான இடத்தில் உலரவிட்டால் சிறு காயங்கள் ஆறித் தோல் இறுகும்.

பின்னர் சேமிப்பதற்கு 10 முதல் 13 டிகிரி வரையுள்ள குளிர்ச்சி சிறந்தது. சமவெளியில் இயந்திரம் வைத்து உண்டாக்கும் இந்தக் குளிர்ச்சியை நம் மலைக்கு இயற்கையே பெரும்பாலும் தந்திருக்கிறது. நமக்குப் பகை ஈரம். தரையில் குவிக்காமல், மூங்கில் தட்டிப் பரணில் ஒன்றோடொன்று படாமல் அடுக்குங்கள். மேல்மலையில் மார்கழி, தை மாதங்களில் கடுங்குளிர் தாக்காதபடி அடுப்பங்கரைப் பக்கத்துக்கு மாற்றுங்கள். வாரம் ஒருமுறை பார்த்து, புள்ளி விழுந்ததை முதலில் சமையுங்கள். ஏகார்ன் ஒன்று, இரண்டு மாதம் இருக்கும். பட்டர்நட் இரண்டு, மூன்று மாதம். ஹப்பர்டு ஐந்து, ஆறு மாதம். அந்த வரிசையிலேயே உண்ண வேண்டும்.

ஒரு கணக்குப் பாருங்கள். பத்துக் குழிக்கு இருபது கொடி. கொடிக்கு இரண்டு காய் என்று குறைத்தே மதித்தாலும் நாற்பது காய். வாரம் ஒன்றாக நான்கு மாதம் வீட்டுக்குப் பதினாறு காய். மீதி இருபத்து நான்கையும் விலை வரும் நாளில் விற்கலாம். பெருஞ்செல்வம் அன்று, ஆயினும் மழைக்காலத்தில் அரிசிக்கும் மருந்துக்கும் கடன் கேட்டு நிற்கும் குடும்பத்துக்கு அது சிறிய உதவியும் அன்று.

சமையல் முறைகள்

இனித் தாய்மார்களுக்குச் சில வார்த்தைகள். பொங்கலன்று மொச்சையும் பரங்கியும் சேர்த்துச் செய்யும் புளிக்கூட்டை நீங்களே நன்கு அறிவீர்கள். அதனை ஆண்டுக்கொரு நாள் உணவாக வைத்திராமல், வாரத்துக்கொரு முறை செய்யுங்கள். இளங்காய்க்குப் பாலும் சிறிது வெல்லமும் சேர்த்த கூட்டு ஏற்றது. முற்றிய காயைத் துருவி அல்வா கிளறலாம். பட்டர்நட்டை இரண்டாகப் பிளந்து, விதை நீக்கி, தணலில் வைத்துச் சுட்டு, உப்பும் மிளகும் தூவினால், குளிர்கால மாலையில் குழந்தைகள் விரும்பி உண்பர். நார் உரித்த கொழுந்து இலையைப் பருப்புடன் கடையலாம். விதையைக் கழுவி உலர்த்தி வறுத்துக் கொடுக்கலாம்.

பரங்கியின் மஞ்சள் நிறம் கரோட்டின் என்னும் சத்து. உடலில் அது வைட்டமின் ஏ ஆகி, மாலைக்கண் வராமல் கண்ணைக் காக்கிறது. சிறிது எண்ணெயோ தேங்காயோ சேர்த்துச் சமைத்தால்தான் இச்சத்து நன்கு உடலில் சேரும்.

ஊராட்சி செய்யத்தக்கவை

உறுப்பினர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. முதலாவது, ஜனவரி 26 கிராம சபையில், எந்தக் குக்கிராமத்துக்கு எந்த இரகம் என்று பேசி முடிவு செய்யுங்கள். தை மாதத்தில் முடிவானால் மாசிக்குள் விதை சேர்க்கலாம். இரண்டாவது, கொடைக்கானலிலும் தடியன்குடிசையிலும் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்களில் உங்கள் ஊர் உயரத்துக்கு ஏற்ற இரகத்தைக் கேட்டறியுங்கள். மூன்றாவது, பள்ளிச் சத்துணவுக்கும் அங்கன்வாடிக்கும் வேண்டிய பரங்கியை அந்தந்த ஊரிலேயே பெற வழியுண்டா என்று ஆராய்ந்து, அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

விலையை நிர்ணயிக்கும் சக்தி இன்று நம்மிடம் இல்லை. ஆனால் எந்த நாளில் விற்பது என்பதை நிர்ணயிக்கும் சக்தியையாவது வரும் பங்குனியில் பத்துக் குழி தோண்டி நாம் பெறலாம். அதற்கு எங்கள் அலுவலகம் வேண்டிய உதவி செய்யும்.