வரப்பில் வந்த சாரை



போன சம்பாவில் ஒரு வயலைப் பார்க்கப் போயிருந்தேன். வரப்பில் ஆள் நீளத்துக்கு ஒரு பாம்பு. "நல்ல பாம்பு ஐயா!" என்று மண்வெட்டியை ஓங்கிவிட்டார் வயல்காரர். கையைப் பிடித்து நிறுத்தினேன். அது சாரை. எங்களைக் கண்டதும் எலி வளைக்குள் புகுந்துகொண்டது.

சாரைக்கு விஷம் கிடையாது. பெரிய கண், உதட்டில் கறுப்புக் கோடுகள். பகலில்தான் இரை தேடும். மடக்கினால் கழுத்தை உப்பி உறுமும். நல்ல பாம்பைப் போல அகலமாகப் படம் எடுக்காது. வாலில் விஷம், மாட்டு மடியில் பால் குடிக்கும், நல்ல பாம்போடு இணை சேரும் என்பதெல்லாம் வெறும் பேச்சு. இரண்டு சாரை பின்னி நிமிர்ந்து நின்றால், பெரும்பாலும் அவை பலம் பார்க்கும் ஆண் பாம்புகள்.

கதிரை அறுத்து வளையில் சேர்க்கும் எலியை, வளைக்குள்ளேயே போய்ப் பிடிக்கும் சாரை. கூலி கேட்காத காவல்காரன் அது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்வதும் குற்றம்.

இதைச் சொன்னதும் வயல்காரர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். "எலிக்குக் கிட்டியும் வச்சேன், எலி பிடிக்கிறதையும் அடிச்சேனே ஐயா!" என்றார்.

ஒன்று மட்டும் மறக்காதீங்க. அடையாளத்தில் சந்தேகம் வந்தால் விலகி நின்று வழி விடுங்க, பிடிக்கப் போகாதீங்க. எந்தப் பாம்பு கடித்தாலும் இறுக்கிக் கட்டாமல், கீறாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல் உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. மந்திரிக்கப் போய் நேரத்தை வீணாக்காதீங்க.