பாம்புக்கேற்ற மருந்து

நஞ்சுகளெல்லாம் ஒன்றல்ல என்று மெய்ப்பித்தவர் பிரேசில் நாட்டு மருத்துவ அறிஞர் விட்டால் பிரேசில். பிரெஞ்சு அறிஞர் கால்மெத் நாகநஞ்சைக் கொண்டு ஆக்கிய சீரம், அந்நாட்டுக் கிலுகிலுப்பைப் பாம்பின் கடிக்குப் பயன்படவில்லை. அந்தந்தப் பாம்பின் நஞ்சையே குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் குருதியிலிருந்தே மாற்று மருந்தெடுக்க வேண்டுமென்று அவர் கண்டார். 1901இல் சாவோ பாவுலோவில் தோன்றிய புட்டான்டன் நிலையத்தின் முதல் தலைவரும் அவரே.

ஆனால், நஞ்சுக்குப் பாம்பு வேண்டுமே! உழவர் உயிரோடு பிடித்தனுப்பிய பாம்புகளுக்கு ஈடாக மருந்துக் குப்பிகளை அனுப்பினார். பணத்தைவிடச் சிறந்த பண்டமாற்று என்பேன். நச்சுப்பாம்புகளை விழுங்கும் முசுரானா என்ற பாம்பைக் காக்கவும் வற்புறுத்தினார்.

நம் நாட்டுச் சீரம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கிற்கே உரியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மூக்கு நிமிர்ந்த குழிவிரியன் ஒன்றுண்டு. அதன் கடிக்கு அச்சீரம் இன்றும் உதவுவதில்லை.