கல்லாப்பெட்டியும் கணக்கேடும்

(மஃரிப் தொழுகைக்குப் பின் நமது பள்ளிவாசலில் வணிகப் பெருமக்களுக்காக நடைபெற்ற அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

ஜனாஸாத் தொழுகைக்கு ஸஃப்புகள் நின்றதும், மய்யித்தின் வாரிசு ஒருவர் முன்னே வந்து, “எங்கள் தகப்பனார் யாருக்கேனும் தர வேண்டியிருந்தால் எங்களிடம் வாருங்கள், நாங்கள் பொறுப்பு” என அறிவிப்பதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மளிகைக் கடைக்காரர் வஃபாத்தானபோது அவருடைய மூத்த மகனும் அவ்வாறே அறிவித்தார். மூன்றாம் நாள் முதல் ஆட்கள் வரலாயினர். ஒருவர் சரக்குப் பாக்கி என்றார். ஒருவர் கைமாற்று என்றார். மற்றொருவர் சீட்டுப் பணம் என்றார். அவர்களுள் எவரும் பொய்யர் அல்லர். ஆனால் எதற்கும் எழுத்து இல்லை. கடைக்கு வரவேண்டிய பாக்கியோ மறைந்தவரின் நினைவிலும், பிறரால் திறக்க இயலாத அவருடைய கைப்பேசியிலும் தங்கிவிட்டது. தர வேண்டியவர்களில் தாமாக முன்வந்தவர் இருவரே. இறுதியில், இத்தாவில் இருந்த தாயார் தம் நகைகளைக் கழற்றி மகனிடம் கொடுத்தார். அந்நகைகள் அவருடைய சொந்தச் சொத்து. கணவரின் கடனுக்கு ஷரீஅத் அவரைப் பொறுப்பாக்கவில்லை. எனினும் கணவரின் கப்ரை எண்ணிக் கொடுத்தார்.

அந்தக் கடைக்காரர் ஐவேளையும் முதல் ஸஃப்பில் நின்றவர். எவரையும் ஏமாற்றியவர் அல்லர். கணக்கு எழுதும் பழக்கம் மட்டும் அவரிடம் இல்லை. அந்த ஒரு குறைக்காக ஒரு குடும்பம் தலைகுனிய நேர்ந்தது.

கடனின் கடுமையை நாம் அறியாதவர்கள் அல்லர். கடனோடு கொண்டுவரப்பட்ட ஒரு ஜனாஸாவுக்குத் தாமே தொழுவிக்காமல், தோழர்களைத் தொழுதுகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்பதாகக் கூறிய பின்னரே பெருமானார் தொழுவித்தார்கள்.

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று சிந்தித்திருக்கிறோமா? ஸூரத்துல் பகராவின் 282ஆவது வசனம் அது. தவணைக் கடனை எழுதி வைப்பதைப் பற்றியே அது பேசுகிறது. எழுதுபவர் நீதமாக எழுத வேண்டும். வாசகத்தைக் கடன் பெற்றவரே சொல்ல வேண்டும். சாட்சிகள் இருக்க வேண்டும். தொகை சிறிதாயினும் எழுதச் சலிப்படையலாகாது என்றெல்லாம் அவ்வசனம் விரிவாகப் போதிக்கிறது. நாமோ, “நமக்குள் என்ன எழுத்து?” என்று கூறுவதைப் பெருந்தன்மையாகக் கருதுகிறோம். அண்ணன் தம்பி கூட்டாக நடத்தும் கடைகளில் இப்பேச்சுதான் பின்னாளில் பாகப் பிரிவினைச் சண்டையாக முளைக்கிறது.

நாட்டுச் சட்டமும் எழுத்தையே கேட்கிறது. 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, கடனுக்கு விற்ற சரக்கின் பாக்கியைக் கேட்டுப் பொதுவாக 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். அக்காலத்திற்குள் கடன்பட்டவர் பாக்கியை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டால், அன்றிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும். 3 ஆண்டுகள் கடந்தால் நீதிமன்றத்தின் கதவு மூடலாம். மஹ்ஷரின் கதவு மூடாது. எனவே தர வேண்டியவர், காலம் கடந்ததைக் காரணமாகக் காட்டித் தப்ப முடியாது.

அடுத்து, கடைப் பணம் வேறு, வீட்டுப் பணம் வேறு என்பதை நாம் உணர வேண்டும். அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் துணி வணிகர். கலீஃபாவான பின்னரும் துணிகளுடன் சந்தைக்குப் புறப்பட்டார்கள். தோழர்கள் தடுத்து, பைத்துல் மாலிலிருந்து அவர்களின் குடும்பத்திற்கென ஓர் அளவை நிர்ணயித்தனர். கருவூலமே தம் பொறுப்பில் இருந்தும் அளவோடு பெற்றார்கள். நாமோ நம் கல்லாவில் அளவின்றிக் கை வைக்கிறோம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு கடையில் நாள் விற்பனை 10,000 ரூபாய். நூற்றுக்கு 12 வீதம் கிடைப்பது 1,200. வாடகை, மின்கட்டணம், ஆள் கூலி ஆகியவற்றுக்கு 700 போனால் எஞ்சுவது 500. மாலையில் கல்லாவில் இருப்பதோ 10,000. அதைப் பார்த்து வீட்டுக்கு நாளொன்றுக்கு 800 எடுத்தால், 300 ரூபாய் முதலிலிருந்து போகிறது. ஓராண்டில் 1,09,500 ரூபாய் முதல் கரைந்துவிடும். பிறகு அலமாரி காலியாகும். மொத்த வியாபாரி சரக்கை நிறுத்துவார். மீட்டர் வட்டிக்காரர் கடை வாசலில் வந்து நிற்பார். வட்டி ஹராம் என்று தெரிந்தே அதில் விழுந்த நம் சகோதரர்கள் பலரை அவ்வாசல் வரை இழுத்துச் சென்றது இந்த 300 ரூபாய்தான்.

ஆகவே கடை உரிமையாளர் தமக்கென மாதச் சம்பளம் ஒன்றை நிர்ணயித்து, அதை மட்டுமே வீட்டுக்கு எடுத்துச் செல்லட்டும். கைப்பேசி வழியே வரும் விற்பனைப் பணத்திற்குக் கடையின் பெயரில் தனி வங்கிக் கணக்கு இருக்கட்டும். மகளின் நிகாஹ் செலவுக்கெனத் தனியே சேமிக்கட்டும். சரக்கு வாங்கும் பணத்தில் விருந்து வேண்டாம்.

ஜகாத்தும் கணக்கின்றி நிறைவேறாது. ரமலானில் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுப்பது ஸதகாவாகலாம். ஜகாத்துக்குக் கணக்கு வேண்டும். ஹிஜ்ரீ ஆண்டில் ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு, அன்றைய சந்தை விலையில் சரக்கை மதிப்பிட வேண்டும். சரக்கு 4,00,000, ரொக்கம் 60,000, திரும்பி வரும் என்று நம்பத்தக்க பாக்கி 40,000 எனில் மொத்தம் 5,00,000. அலமாரி, தராசு, குளிர்பெட்டி ஆகியன இதில் சேரா. மொத்த வியாபாரிக்குத் தர வேண்டியது 1,00,000 எனில், ஹனஃபி மத்ஹபில் அதைக் கழித்து 4,00,000க்கு இரண்டரை சதவீதமாக 10,000 ரூபாய் கடமையாகும். ஷாஃபிஈ மத்ஹபின் ஏற்கப்பட்ட கருத்தில் கடனைக் கழிப்பதில்லை. எனவே 12,500 ஆகும். எவ்வாறாயினும், சரக்கை எண்ணாதவருக்குத் தம் ஜகாத் எவ்வளவு என்பது தெரியப்போவதில்லை.

இறுதியாக, ஒவ்வொரு கடையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். நாம் தர வேண்டியது ஒரு பக்கம், நமக்கு வரவேண்டியது மறுபக்கம், பிறரின் அமானத் தனிப் பக்கம். கணக்கைக் கைப்பேசியில் எழுதுவோர், அதைத் திறக்கும் வழியை நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லி வைக்கட்டும். மய்யித்தின் சொத்தில் கஃபன், அடக்கச் செலவுக்குப் பின் கடன். அதன் பின்னரே வஸிய்யத்தும் வாரிசுப் பங்கும். அந்த வரிசையை வாரிசுகள் நிறைவேற்ற வேண்டுமானால் கடன் எவ்வளவு என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

முதலில் நாம் கூறிய அந்த மகன் இன்று அதே கடையை நடத்துகிறார். இஷாவுக்குப் பின் கடையைப் பூட்டுமுன் நோட்டை விரித்து எழுதுகிறார். முதற்பக்கத்தில் தாயாரின் நகைக் கடனை எழுதி வைத்திருக்கிறார். தாயார் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. எனினும் மாதந்தோறும் அவரிடம் ஒரு தொகையைக் கொடுத்து, அதைக் கழித்து எழுதி வருகிறார்.

நம் சம்பாத்தியத்தை ஹலாலாகவும் பரக்கத் நிறைந்ததாகவும் ஆக்கி, கடன்படாதவர்களாக நம்மை அழைத்துக்கொள்ள வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.